கம்பளித் தொப்பி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன், காரணம் இருக்கிறது. போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். உன் குரல் கேட்டதும் அப்பா என்னை இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போடு என்கிறார். அவர் காதுபட எதைச் சொல்ல முடியும்? இப்போது சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார்.

உன் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், கொஞ்ச நாளைக்குப் பணம் குறைவாகத்தான் வரும், கரண்டையும் தண்ணீரையும் பார்த்துச் செலவு பண்ணுங்கள் என்று நீ சொன்னாய் அல்லவா? அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டிவியை ஓடவிட்டு அதன் முன்னாலேயே குறட்டை விடுகிற மனிதர், நடைவழி பல்பையே கழற்றிவிட்டார். வாஷிங் மெஷின் தண்ணீரை வாளியில் பிடித்து நடைவழியில் வரிசையாக வைத்தார், கக்கூசுக்கு ஊற்ற. கீழ்வீட்டுத் தையல்காரம்மா அவருக்கு மீட்டர் மாமா என்று பேர் வைத்தாள். ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி இவருக்கு ஒரே சந்தோஷம். பில் பாதியாகிவிட்டது என்று உன்னிடம் பீற்றிக்கொண்டாரே, அன்றைக்கு நானும்தான் சிரித்தேன். எனக்கும் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அதற்கப்புறம் ஒருநாள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே இருட்டு, பால் திரிந்து கிடக்கிறது. அப்பாதான் அணைத்திருக்கிறார். ரெண்டு பேருக்கு எதற்கு ஃப்ரிட்ஜ், அன்றாடம் சமைத்து அன்றாடம் சாப்பிடுவோம் என்றார். சரிதானே என்று நானும் விட்டுவிட்டேன். கதவுத் தட்டில் அவருடைய இன்சுலின் இருந்தது. அது ரெண்டு பேர் புத்தியிலும் உறைக்கவில்லை. தினமும் அதே கதவைத் திறந்து, மருந்தை எடுத்து ஊசி போட்டு, திரும்ப அங்கேயே வைத்து மூடியவள் நான்தான். வெயில் கொளுத்துகிற மாதம் வேறு.

இதற்கு நடுவில், பல்பில்லாத நடைவழியில் வாளியில் இடித்துக்கொண்டார். கால் கட்டைவிரலில் சின்னக் காயம்தான். ஆறவே இல்லை. டாக்டர் மருந்து அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார், சர்க்கரை இறங்குவேனா என்றது. கடைசியில் மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார். ஃப்ரிட்ஜில்தான் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஃப்ரிட்ஜ் ஓடுவதில்லை டாக்டர் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சூட்டில் மருந்து கெட்டுவிட்டது, இத்தனை நாளும் வெறும் தண்ணீரைத்தான் ஏற்றியிருக்கிறீர்கள் என்றார். இந்த மாதக் கடைசிக்குள் சர்க்கரை இறங்கிப் புண் ஆறாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜைப் போட்டேன். அப்பா அந்தக் காலோடு நொண்டிப் போய் அணைத்தார். எனக்கு வந்த கோபத்தில், பிள்ளை லைட்டைத்தானே அணைக்கச் சொன்னாள், ஃப்ரிட்ஜை யார் அணைக்கச் சொன்னது என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னார்:

"அந்த ஊர்க் குளிருல அவ வீட்டுக்குள்ளயே கம்பளித் தொப்பி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, வீடியோல பார்த்தியா? பேசினா வாயில புகை வருது. ஹீட்டரை அணைச்சுட்டு நமக்குப் பணம் அனுப்புறா. நமக்கு எதுக்குடி ஃப்ரிட்ஜ்?"

நான் அது ஏதோ புது நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்றவள் கண்ணுக்குத் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

புது மருந்து வாங்கித் தையல்காரம்மா வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். அடுத்தவர் கரண்டில் பிழைக்க வேண்டாம் என்று இவர் போய்த் திருப்பி வாங்கி வந்துவிட்டார். இப்போது ஈரத்துணி சுற்றிக் குளியலறை ஜன்னலில் இருக்கிறது. நான் தலைகீழாக நின்றாலும் கேட்க மாட்டேன் என்கிறார். அழுதும் பார்த்துவிட்டேன். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே.

இப்போது கேட்கிறேன், நீ சுகமா? ஹீட்டரைப் போடு, கண்ணு. இந்த மாதம் பணமே அனுப்பாவிட்டாலும் சமாளித்துக்கொள்வோம். அடுத்த தடவை வீடியோவில் வரும்போது தொப்பி இல்லாமல் வா. நான் சொன்னால் கேட்காதவர், உன் வெறுந்தலையைப் பார்த்தால் கேட்பார்.

ஹீட்டர் போடவே வழியில்லை என்றால், பெற்றவள் கேட்கக்கூடாததைக் கேட்கிறேன், பேசுகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் தொப்பியைக் கழற்றி வை. நடுக்கம் வந்தால் சிரித்துச் சமாளி. அவர் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைப் போடும் சத்தம் கேட்டதும் நான் உனக்குத் தலையாட்டுகிறேன். உடனே போட்டுக்கொள்.

எந்தக் குளிரும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா