ஃபில்டரில் தேங்காய் எண்ணெய்

23.4.2006, ஞாயிறு

நீச்சல் குளத்துத் தண்ணீர் ஒரு வாரமாகக் கலங்கிக் கிடக்கிறது. பெண்களின் தலை எண்ணெய்தான் ஃபில்டரை அடைக்கிறது, காலை ஆறு மணிப் பெண்கள் நேரத்தை நிறுத்திவிடலாம் என்று அபார்ட்மென்ட் செயலாளர் கூட்டத்தில் சொன்னார். ஆதாரம் எங்கே என்று கேட்டேன். நாற்பத்தெட்டு வயதில் இப்போதுதான் சுவரைப் பிடிக்காமல் மிதக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

இன்று குளத்தைப் பராமரிக்கும் செல்வராஜ் ஃபில்டர் கார்ட்ரிட்ஜைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றேன். மடிப்புகளுக்குள் மஞ்சளாகப் பிசுக்கு.

"மோந்து பாருங்க மேடம்."

தேங்காய் எண்ணெய். நான் போட்டுக் காய்ச்சும் கறிவேப்பிலையின் வாசனைகூட இருந்தது.

"புதுசு மாத்தணுமா?"

"நக்கோ மேடம், வேணாம். துணி கிழியல. ராத்திரி பூரா சோப்புத் தண்ணியில ஊறட்டும், அதுவரைக்கும் ஸ்பேர் ஓடும். ஆனா எண்ணெய்த் தலை இறங்கிட்டே இருந்தா அதுவும் தாங்காது."

"யாரோட எண்ணெய்னு தெரியுதா?"

"எனக்கேன் மேடம் அந்த வம்பு?" என் பின்னலைப் பார்க்காமல் சொன்னார்.

செயலாளரிடம் நானே போனேன். அவர் சொன்னது சரி என்றேன். நாளையிலிருந்து பெண்கள் தலைக்குக் குளித்து, தொப்பி போட்டு இறங்குவோம், ஆறு மணியை மட்டும் எடுக்க வேண்டாம் என்றேன். சண்டைக்குத் தயாராக இருந்தவர் உடனே ஒப்புக்கொண்டார். யாருடைய எண்ணெய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முப்பது வருடமாகப் படுக்கும்முன் எண்ணெய் தடவாமல் இருந்ததில்லை. இன்று தடவவில்லை. தலை லேசாக அரிக்கிறது. அலாரம் ஐந்தரைக்கு வைத்தாயிற்று.