கிரகணத்துக்கு வெட்டிய படம்

அத்தை,

என் நிலப்பட நூலின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கறுப்புப் படம் இன்றுவரை பத்திரமாக இருந்தது. ஓரம் கொஞ்சம் சுருண்டுவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் உன் டிரங்குப் பெட்டியின் அந்துருண்டை வாசனை இப்போதும் அடிக்கிறது.

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில், வேதியியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நீ கண்மூடி இரண்டு வருடமாகிறது. உன்னிடம் சொல்வது அந்தச் சத்தியத்தில் சேராது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

உனக்கு இருந்தது எனக்கும் இருக்கிறதாம், அத்தை. பயமாக இருக்கிறது.

மாதாமாதம் வரும் வலியை நீ பார்த்திருக்கிறாய். இந்த முறை தேர்வு எழுதும்போதே மயங்கி விழுந்துவிட்டேன். தருமபுரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். பெண் டாக்டர்தான். திரையைத் திருப்பிக் காட்டி, கர்ப்பப்பையின் நடுவில் ஒரு தடுப்பு தெரிகிறது, பிறவியிலேயே அமைந்தது என்றார். வலிக்கு அதுதான் காரணம் என்று இப்போதே சொல்ல முடியாதாம், அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்தார். இப்படி இருப்பவர்களுக்குச் சில சமயம் ஒரு சிறுநீரகம் இருக்காதாம், அதையும் பார்த்துவிட்டு, இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றார். உள்ளே இருப்பது சுவரா, அல்லது பையே மேலே இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கிறதா என்று தெரிய எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமாம்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இவள நாளைக்கு ஒருத்தருக்குக் கட்டிக் குடுக்கலாங்களா?"

"மொதல்ல படிக்க வைங்க," என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்துத்தான் விளக்கினார். சுவராக இருந்தால் கரு கலைய வாய்ப்பு அதிகம். ஆனால் தேவைப்படும்போது வயிற்றைக் கிழிக்காமல், உள்ளே சிறு குழாய் விட்டு அதை எடுத்துவிடலாம். கொம்பாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. குறைமாதத்தில் பிறக்கலாம், குழந்தை தலை திரும்பாமல் இருக்கலாம், அதனால் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டிலுமே பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார்.

பஸ் பாலக்கோடு தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்த எம்.ஆர்.ஐ. படமெல்லாம் எடுக்க வேண்டாம் என்றாள். "அந்த ஆஸ்பத்திரில நம்மூருப் பொண்ணு வேல செய்யுது. நாம வூடு வந்து சேர்றதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். உங்கத்தைய என்ன பாடு படுத்துனாங்கன்னு உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். நீதான் சொல்லியிருந்தாயே.

நான் ஆறாவது படித்தபோது, அரையாண்டு விடுமுறையில் சூரிய கிரகணம் வந்தது. காலையிலேயே தெருவில் எல்லாக் கதவும் சாத்திவிட்டார்கள். எதிர் வீட்டு அக்கா மாசமாக இருந்ததால் ஜன்னலுக்குக்கூடப் போர்வை கட்டினார்கள். நீ பெட்டியிலிருந்து ஒரு பெரிய கறுப்புப் படத்தை எடுத்து, என் கைவினைக் கத்தரிக்கோலால் நடுவே வெட்டி, பாதியை எனக்குக் கொடுத்தாய். கறுப்பில் வெள்ளையாக ஒரு கொம்பு இருந்தது. என்ன படம் என்று கேட்டேன்.

"என்னோட கர்ப்பப்பை கண்ணு. அதுக்குள்ளாற சூரியன் தெரியுதா பாரு."

இருவரும் வாசலில் நின்று பார்த்தோம். பார்த்துக்கொண்டே சொன்னாய். முதல் இரண்டும் மூன்றாம் மாதத்தில் கலைந்தன. மூன்றாவது ஐந்து மாதம் தங்கியது. அப்போதும் ஒரு கிரகணம். மாமாவுக்குப் பசி என்று நீ ஒரே ஒரு தக்காளியை நறுக்கினாய். பத்து நாளில் அதுவும் போயிற்று. கிரகணத்தில் கத்தியைத் தொட்டவள் என்று உன் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார். நீயும் கத்திதான் காரணம் என்று நம்பித்தான் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாய். நீ விடாமல் வயிற்றுவலி என்று சொன்னதால், சில வருடம் கழித்து அப்பா உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே மருந்து செலுத்தி இந்தப் படத்தை எடுத்து, நடுவில் சுவர் இருக்கிறது என்றார்கள். நீ டாக்டரிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டாயாம்.

"அப்போ கத்தி ஒண்ணும் பண்ணலீங்களா?"

அதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். கிரகணம் விடுவதற்குள் உள்ளே போய், ஒரு கூடை தக்காளியை நறுக்கிச் சட்னி அரைத்தாய். ஊரே அடுப்பு மூட்டாத நேரத்தில் நம் வீட்டில் மட்டும் தாளிக்கிற சத்தம். எனக்கு ஒரு கிண்ணம் நீட்டினாய். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பள்ளி திறந்ததும் பெருமையாக என் பாதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். இது வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் கெடும் என்று அறிவியல் டீச்சர் திட்டி, பிடுங்கிக்கொண்டார். அவர் சொன்னது சரிதான். நம் இருவர் கண்ணும் தப்பியது அதிர்ஷ்டம். இப்போது என்னிடம் இருப்பது, நீ போன பிறகு உன் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்ட உன் பாதி.

இன்று சாயங்காலம் அம்மா குழம்புக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். உன் பாதிப் படத்தை எடுத்துப்போய் அவள் முன் வைத்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு படத்தை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு அந்தச் சட்னிய உன்னத் திங்க வுடல."

"ஆமாம்மா."

"நீ தூங்குனப்பறம் நான் தின்னேன். உப்பு கம்மி. உங்கத்த கிட்ட சொல்லல." படத்தை என்னிடம் நீட்டியபடி, "அவகிட்ட எதையுமே சொல்லல," என்றாள்.

பிறகு மீதித் தக்காளியை நறுக்கி முடித்தாள். குழம்பு கொதிக்கும்போதுதான், நாளைக்கு முதல் பஸ்ஸுக்குப் போகலாம், இதையும் எடுத்துவைத்துக்கொள், டாக்டருக்கு ஆகும் என்றாள். இரவு சாப்பாடு ருசியாக இருந்தது. நான் இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

பயம் போகவில்லை, அத்தை. எம்.ஆர்.ஐ. எடுக்கப் பெரிய குழாய் மாதிரி மிஷினுக்குள் அசையாமல் படுக்க வேண்டுமாம். உன் பாதியை ரப்பர் பேண்ட் போட்டு ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பையில் வைத்துவிட்டேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று போன முறை டாக்டர் கேட்டார். அம்மா இல்லை என்று சொல்லிவிட்டாள். நாளைக்கு நான் சொல்வேன், எங்கள் அத்தைக்கு இருந்தது என்று. நம்மூர்ப் பெண் பக்கத்தில் நின்றால், அவளுக்கும் கேட்கும்படியே சொல்வேன்.