நெல்லு மூட்டை பின்சீட்டில்

ஆரம்பாக்கம்
18-8-1974

டேய் தேசிகா,

சௌக்கியமான்னு கேக்க மாட்டேன், போ. ரெண்டு மாசமா ஒரு கார்டு இல்ல. ஜோத்பூர்ல தபால்பெட்டிய ஒட்டகம் தின்னுடுச்சா?

வண்டி வந்துடுச்சிடா! மோசஸ் அண்ணன் ஒர்க்‌ஷாப்பு மூலையில கோழி முட்ட போட்டுக்கினு இருந்துச்சே பழைய ஜாவா பைக்கு, அதேதான். "ஒரு வருசம் உழைச்சதுக்கு எடுத்துக்கோ. செத்தா மட்டும் எங்கிட்ட வராத"ன்னாரு.

பத்தாங்கிளாஸ் மேப்புல ஊரு பேரே இல்லாம பழுப்பா ஒரு எடம் இருக்கும். நீ அதுல வெரல வெச்சிக்கினு, "இங்க ரோடே கிடையாது, வண்டி எந்தப் பக்கம் போனாலும் வழிதான்"னு சொன்ன. அங்க போறோம். மணல்ல ஓட்டி மணல்லயே தூங்கறோம். எப்போன்னு எழுது. நான் காலேஜ வுட்ட அன்னிக்கு உங்கப்பா, "இனிமே எம் புள்ளையத் தேடிண்டு இந்த வாசலுக்கு வராதே"ன்னாரு. அதுலேர்ந்து திருவள்ளூர் பக்கமே நான் போறதில்ல. அதனால ஒன் சேதி எனக்கு ஒன் லெட்டர்லதான்.

உன்
பூவு

*

ஜோத்பூர்
5-9-1974

அன்புள்ள பூவு,

கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேஜை ஆசீர்வாதம், "ஊரில் யாருக்காவது கல்யாணமா?" என்றான். தூத்துக்குடிக்காரன், என் ரூமில்தான் இருக்கிறான். ஒரு ஜாவாவுக்கு உயிர் வந்திருக்கிறது என்றேன்.

கவனமாகக் கேள். மணலில் இறங்கும் முன் டயரில் பாதிக் காற்றை விட்டுவிட வேண்டுமாம். பிரேக் தொடக் கூடாது. பின்னால் கனம் வேண்டும், இல்லாவிட்டால் வண்டி வழுக்கும். பின்சீட்டில் நான் இருக்கிறேன், கவலைப்படாதே. இதெல்லாம் எங்கள் கம்பெனியில் தண்ணீருக்கு போர் போடுகிற ஆட்கள் சொன்னது. நான் பில் எழுதுகிறவன். இங்கு வந்தும் மணலில் ஒரு ராத்திரி படுத்ததில்லை. முதல் ராத்திரி உன்னோடுதான் என்று வைத்திருக்கிறேன்.

மாசியில் வா. குளிர் குறைந்திருக்கும். வண்டியை ரயிலில் போட்டு வந்துவிடு.

அப்பா கையெழுத்து இந்தத் தடவை கோணலாக இருந்தது. கேட்டால் பேனா சரியில்லை என்கிறார்.

உன்
தேசிகன்

*

ஆரம்பாக்கம்
20-11-1974

டேய் ஐயரே,

போன வாரம் வந்த லெட்டர்ல பாலைவன வாசன வரும்னு மோந்து பாத்தேன். பச்சக் கற்பூர வாசன வருது! அங்கயும் பெருமாள் படத்த மாட்டிக்கினு கீறியா?

பழவேற்காட்டு மணல்ல தினம் ஓட்டறேன். பின்சீட்டுல ஒன் எடைக்கு ஒரு நெல்லு மூட்டையக் கட்டிக்கினு போறேன். மொத நாள் ரெண்டு பேரும் வுழுந்தோம், நானும் மூட்டையும். மூட்ட ஒன்னாட்டம் பொலம்பல. மீன்காரம்மா ஒண்ணு, "நெல்ல எங்கப்பா கொண்டும் போற, கொண்டும் வர?"ன்னு கேக்குது. இப்ப சொகுசா பறக்குது வண்டி. தார்ப்பாய் வாங்கிட்டேன், ரெண்டு பேரு கால நீட்டலாம்.

கும்மிடிப்பூண்டியில புதுசா வர்ற ஃபேக்டரியில என்ன எடுத்தாங்க. மாசியில லீவு கேட்டேன், சிரிச்சாங்க. வேணான்னுட்டு வந்துட்டேன். நைனா எங்கூட பேசறதில்ல. அம்மாதான் சோத்த வெச்சிட்டு, "அந்த மணல்ல இன்னாடா கீது?"ன்னு கேக்குது. தேசிகன் கீறான்னேன்.

உன்
பூவு

*

ஜோத்பூர்
8-1-1975

அன்புள்ள பூவு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தொடையில் பெரிய கட்டி. வண்டியில் உட்காரவே முடியாது. மாசி வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம். கோபித்துக்கொள்ளாதே.

மணலில் வண்டி புதைந்தால் ஆக்ஸிலரேட்டரைத் திருகாதே. இறங்கி, பக்கவாட்டில் சாய்த்து, குழியில் மணலைத் தள்ளி மூடிவிட்டு நிமிர்த்து. போன தடவை எழுத மறந்துவிட்டேன்.

அந்த ஃபேக்டரியில் மறுபடி ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்.

உன்
தேசிகன்

*

ஆரம்பாக்கம்
12-2-1975

தேசிகா,

கவரப் பாத்தியா? இந்தத் தடவ திருவள்ளூர் அட்ரஸ்.

ஒன் கட்டியப் பத்தி அம்மாகிட்ட சொன்னேன். "தை அமாவாசைக்குத் திருவள்ளூர் போயி கோயில் கொளத்துல அந்தப் புள்ள பேர்ல வெல்லத்தப் போடுடா. வெல்லம் கரையற மாதிரி கட்டி கரஞ்சிடும்"னுச்சு. நான் கோயில் படி மிதிக்காதவன்னு ஒனக்கே தெரியும். ஆனா ஒனக்காச்சேன்னு போனேன். கூட்டத்துல இடிபட்டு, முட்டித் தண்ணியில நின்னு, "தேசிகன் கால் சரியாவணும்"னு ஒரு கட்டி வெல்லத்த வுட்டேன். கரையற வரைக்கும் நின்னு பாத்தேன்டா.

உள்ள போயி பெருமாளப் பாத்துட்டு வாடான்னு அம்மா சொல்லியிருந்துச்சு. வரிசையில நின்னேன். தீர்த்தத்துக்குக் கைய நீட்டினேன். ஊத்தின தீர்த்தம் கைய வுட்டு வெளிய வுழுது. நிமிந்து பாத்தா நாமம் போட்டுக்கினு, முடிய வராத முடிய குடுமியா முடிஞ்சிக்கினு, நீ.

என் தலையில சடாரிய வெச்சிட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்ட. எனக்குப் பின்னாடி நின்ன யாரோ ஒரு அம்மா, "சாமி, எனக்கும்"னுச்சு.

நல்லா நடக்கறியே. கட்டி கரஞ்சிடுச்சா?

பூவு

*

திருவள்ளூர்
17-2-1975

அன்புள்ள பூவு,

ஐப்பசியில் அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது. நான் ஒரே பிள்ளை. கோயிலில் எங்கள் முறைக்கு ஆள் நிற்காவிட்டால் கைங்கரியம் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடும் என்று அம்மா அழுதாள். வேலையை விட்டு வந்தேன். பூஜைக்கான பாஞ்சராத்திரம் படிக்கிறேன். ஊரை விட்டு ஒரு நாள் போக முடியாது. இனி எப்போதுமே முடியாது.

அதன்பிறகு உனக்கு வந்த கடிதங்களை இங்கே எழுதி ஆசீர்வாதத்துக்கு அனுப்புவேன். அவன் ஸ்டாம்பு ஒட்டி அங்கிருந்து போடுவான். உன் கடிதங்களையும் அவன்தான் இங்கே அனுப்பினான்.

வரமாட்டேன் என்று எழுதத்தான் ஒவ்வொரு தடவையும் உட்காருவேன். டயரைப் பற்றி எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். அந்த நேரம் மட்டும்தான் நான் பேண்ட் போட்டுக்கொண்டு உன் பின்சீட்டில் இருந்தேன். நீ ஃபேக்டரி வேலையை விட்டது தெரிந்த அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். எனக்காக நீ குளத்தில் இறங்குவாய் என்று நான் நினைக்கவே இல்லை பூவு.

நீ போ. எனக்காக நிறுத்தாதே. போய்விட்டு வந்து ஒன்றே ஒன்று எழுது, அங்கே ராத்திரி எப்படி இருந்தது என்று.

உன்
தேசிகன்

*

ஜோத்பூர்
14-3-1975

தேசிகனுக்கு,

போனேன். நெல்லு மூட்டைய அவுத்து அம்மாகிட்ட குடுத்துட்டு வந்தேன். ஊட்ல வேக வெச்சாங்களாம்.

பின்னாடி தண்ணி டின்னு கட்டினேன். பாதிக் காத்த வுட்டேன். நீ எழுதினது எல்லாமே சரி. ஒரு எடத்துல புதஞ்சிச்சி. சாய்ச்சி, மணல தள்ளி, நிமித்தினேன். வந்துடுச்சி. பொய்ய எழுதின லெட்டர்லயும் வண்டிக்கு ஒரு பொய்யும் எழுதலடா நீ. அதான் திட்டவும் வரல.

தார்ப்பாய்ல ஒரு பக்கமா படுத்தேன். மத்த பக்கம் காத்துல அடிச்சிக்கினே இருந்துச்சி, கல்ல வெச்சேன்.

ஆசீர்வாதத்தப் பாத்தேன். நல்ல மனுசன், சோறு போட்டான். இனிமே திருவள்ளூர்லேர்ந்து எனக்குக் கவர் வந்தா ஸ்டாம்பு ஒட்டாதன்னு சொல்லிட்டேன். இங்கயே லாரி ஷெட்டுல வேல கெடச்சிருக்கு. ஊருக்கு இப்ப வர்றதா இல்ல. உங்கப்பா ஒடம்பப் பாத்துக்கோ.

ராத்திரி எப்படி இருந்துச்சின்னு கேட்டிருந்த. சொல்ல மாட்டேன். அது ரெண்டு பேருக்குன்னு வெச்சிருந்தது.

இப்படிக்கு
ஆ. பூவராகவன்