நடைவண்டிக்குச் சிவப்புப் பெயிண்ட்

ஆவணி, வெள்ளிக்கிழமை

குஞ்சு, உன் நடைவண்டியைக் கேட்டு அவனியாபுரத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். அவள் மகன் இப்போதுதான் எழுந்து நிற்கிறானாம்.

பல் முளைக்கும்போது நீ கைப்பிடியைக் கடித்த தடத்தைப் பார்த்தாள். "எலி கொறிச்ச மாதிரில்ல இருக்கு. செத்த பிள்ளை வண்டின்னு தெரியக்கூடாது தம்பி. நல்லாச் சிவப்புப் பெயிண்டா அடிச்சுக் குடு" என்றாள். வண்டியைச் செய்த கையாலேயே உன் அப்பா பெயிண்டைப் பூசினார்.

மரத்தில் பிடிக்கவில்லை. நீ வாயில் வைப்பாய் என்றுதான் அன்றைக்குத் தேங்காய் எண்ணெயை மட்டும் தேய்த்துவிட்டிருந்தார். அது உள்ளே ஊறிக் கிடந்தது. பூசப் பூசப் பெயிண்ட் திரண்டு வழுக்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுல என்னடி சிரிப்பு? இனி எந்தப் பிள்ளைய வச்சு நீ ஓட்டப் போறே?" என்றாள் அத்தை. "மேல் மரத்த இழைச்சுட்டு அடி தம்பி."

அப்பா மண்ணெண்ணெயில் பெயிண்டைத் துடைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்தார்.

"கைப்பிடிய மட்டும் விட்டுருங்க" என்றேன்.

"அழுதா பிள்ளை வந்துருமா? ஆடாமப் பிடி" என்றார் அப்பா.

பிடித்துக்கொண்டேன். தடம் போகும்வரை தேய்த்தார். அப்புறம் பெயிண்ட் நன்றாகவே பிடித்தது. அத்தை காயக்கூட விடாமல் சாக்கில் சுற்றி எடுத்துப்போய்விட்டாள்.

மரத்தூளைக் கூட்டி அள்ளிப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது.

இதில் எது நீ கடித்த இடம், குஞ்சு?