கார்டினியாவுக்கு ஊற்றிய ஆசிட்

ரப்பர்த் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயாவுக்கு,

துரையம்மா நம்மிடம் விட்டுப்போன கார்டினியாப் பூச்செடிகளின் இலை பழுப்பானது கம்யூனிஸ்டுக்காரன் சதியால் அல்ல. "அதுக்குப் புளிப்பு மண்ணுதான் புடிக்கும்லா" என்று, ரப்பர்ப்பால் உறையவைக்கும் ஆசிட்டைத் தொட்டியில் ஊற்றியவர் நீங்கள். கொட்டிய பழைய மண்ணை மோந்து பாருங்கள்.

வேரைக் கழுவிப் புது மண்ணில் வைத்திருக்கிறேன். நிழலிலேயே இருக்கட்டும். மண் காய்ந்தால் மழைத்தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

நாசவேலை என்று தோட்டக்காரர் மருதை மேல் போலீசுக்குப் புகார் எழுதுவது என்ன நியாயம்? பிடித்துக்கொண்டு போனால் மனுஷன் திரும்பி வருவாரா?

போர்டிக்சனில் அக்காவைப் பார்த்துவிட்டு ஊரடங்குக்கு முன் வந்துவிடுவேன். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுக்காரனுக்குப் போய்விடும் என்று கேட்டில் சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். என் பங்கையும் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி மயிலம்மாள்

ரசத்தில் புளிப்பு போதவில்லை என்று ஆசிட்டைத் தேடாதீர்கள். ஒளித்துவிட்டேன்.

இன்னொன்று: அந்தப் புகாரைக் கொளுத்தித்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். உங்கள் எழுத்தால் முதன்முறையாக ஒரு ரசம் கொதித்தது.