ஆறிய உலை

மச்சான்,

நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தங்கை அழுதாள். உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. திட்டக்கூடத் தெம்பில்லை.

வேலைநிறுத்தம் எத்தனை நடந்தாலும், கண்ணாடி உலை ஆறாமல் பார்த்துக்கொள்ளச் சங்கமே இரண்டு பேரை உள்ளே அனுப்பும். ஆறினால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழம்பு கல்லாகிவிடும், அப்புறம் உலையே போச்சு. சூப்பர்வைசர் ஆவதற்கு முன்னால் நீயும் அப்படிப் போனவன்தானே?

சங்கத் தலைவனாக இந்தத் தடவையும் இரண்டு பேரை அனுப்பினேன். "எதையாவது உடைக்கத்தான் வர்றீங்க. உலைய நாங்களே பாத்துக்கறோம், போங்கடா" என்று வாசலிலேயே மறித்துவிட்டாய்.

நேற்று ஒப்பந்தம் கையெழுத்தானது. கேட்டதெல்லாம் கொடுத்தார்கள். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நாம ஒரே குடும்பம்" என்றார். நீங்கள் பார்த்துக்கொண்ட உலை ஆறிப்போனதை அவரிடம் சொல்ல உங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கதவைத் திறந்து உள்ளே போன பிறகுதான் பார்த்தார். இன்னொரு உலை கட்ட வழியில்லை என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு அந்தச் சுவரில் கை வைத்தேன். இத்தனை வருஷமாக நம்மைப் பக்கத்திலேயே நிற்க விடாத சுவர். ஜில்லென்று இருந்தது.

நீ வந்து தொட்டுப் பார்க்காதே, மச்சான். தாங்கமாட்டாய்.

உன் மனைவியின் அண்ணன்