கண்ணாடி அலுமாரியில் ஒரு கோப்பை குறைவு

என் தங்கமான அக்காவுக்கு,

உன் கருமாதி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கத்தால் என்று சொல்லத்தான் ஆசை. இல்லை அக்கா, அருவருப்பு.

குவைத்தில் வீட்டு வேலை செய்து, லீவுக்கு வரும்போதெல்லாம் நீ சுமந்து வந்த சாமான்தான் கெலிஓயாவில் உன் வீட்டு ஹால் முழுக்க. தங்க விளிம்புக் கோப்பைகள், கண்ணாடி அன்னங்கள், காலி சென்ட் போத்தல்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத கதிரைகள். கண்ணாடி அலுமாரியில் எதை எங்கே வைப்பது என்று நீ அங்கிருந்து போனில் சொல்லச் சொல்ல, அத்தான் அடுக்குவார். ஒருமுறை அந்தக் கோப்பையில் டீ கேட்டேன். "அடி போடி, அது வர்றவங்களுக்கு" என்றாய். யார் வந்தார்கள் அக்கா? நீயே இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதானே வந்தாய்?

கருமாதியன்று வாழை இலையில் படையல் போட்டார்கள். உனக்குப் பிடித்த, பால் ஊற்றாத இஞ்சி பிளேன்டீயும் வைத்தார்கள். எதில் தெரியுமா? பிளாஸ்டிக் கப்பில். வந்தவர்கள் குடித்துவிட்டுக் கசக்கி எறிந்தார்களே, அதே கப்பில்.

"அத்தான், அலுமாரிச் சாவியக் குடுங்க. அக்காவோட கோப்பையில வைப்போம்."

"அது செட்டு புள்ள. ஒன்னு ஒடஞ்சா செட்டே போயிரும்."

"அவ வாங்குனதுதானே?"

"அவ ஆசையாச் சேத்தத நான் பாதுகாக்க வேணாமா?"

சீ! இதைச் சொல்லும்போதே, கண்ணாடியில் பட்ட என் விரல் அடையாளத்தைத் துடைக்கிறார் மனுசன்.

அவரை மட்டும் சொல்லி என்ன? நீ தந்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு வருசம் அங்கயே இருந்துட்டு வாயேன்" என்று உன்னிடம் சொன்னவள்தானே நான். என் மூஞ்சியிலும் காறித் துப்பு.

சாவி சாமிப் படத்துக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியும். எடுத்துத் திறந்துவிட்டேன். கோப்பையின் அடியில் கடை லேபல் கூடக் கிழிக்காமல் இருந்தது. கழுவி, பிளேன்டீ ஊற்றி, உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். பிறகு சேலைத் துண்டில் சுற்றி, கலஹா பஸ்ஸில் என் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று அத்தான் போனில் கோல் எடுத்தார். "அந்தக் கோப்பையக் கொண்டாந்து குடுத்துரு புள்ள. ஒன்னு கொறஞ்சு அலுமாரியே அசிங்கமா இருக்கு. போக வர அந்த வெத்து எடந்தான் கண்ணுல படுது."

நீ இல்லாத இடம் கண்ணில் படவில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. போனை வைத்துவிட்டேன்.

கொடுக்க மாட்டேன் அக்கா. இனித் தினமும் இதில்தான் குடிப்பேன். கறை பிடித்தால் பிடிக்கட்டும், உடைந்தால் உடையட்டும்.

உன் கூடப்பிறந்த,
வெட்கங்கெட்ட தங்கச்சி